செம்மணி எலும்புகளுக்குப் பெயர் வருவது எப்படி

எஸ்-25. யாழ்ப்பாணம் அரியாலையில், செம்மணிப் பக்கமாக உள்ள சித்துப்பாத்தி இந்து மயானத்தில் எடுக்கப்பட்ட ஒரு பிள்ளையின் எலும்புகளுக்கு நீதிமன்றப் பதிவேட்டில் இருக்கும் பெயர் அதுதான். பிள்ளைக்கு 4 அல்லது 5 வயது இருக்கும் என்று சட்ட வைத்திய அதிகாரி அறிக்கை கொடுத்திருக்கிறார். எலும்புகளோடு நீல நிறப் புத்தகப்பை ஒன்றும் விளையாட்டுப் பொம்மையும் கிடைத்தன. யாருடைய பிள்ளை என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

2025 பெப்ரவரியில் அந்த மயானத்தில் தகன மேடை கட்டக் கிடங்கு வெட்டியபோது எலும்புத் துண்டுகள் வெளிவந்தன. மே மாதம் நீதவானின் கட்டளையோடு அகழ்வு தொடங்கியது. செப்டம்பர் தொடக்கத்தில் இரண்டாம் கட்டம் முடிந்தபோது 200க்கும் மேற்பட்ட மனிதர்களின் எச்சங்கள் அடையாளமிடப்பட்டிருந்தன. அவர்களில் ஒருவருக்காவது பெயர் வர வேண்டுமானால் என்னென்ன நடக்க வேண்டும், அது எந்த இடத்தில் இடறுகிறது என்பதை இங்கே பார்ப்போம். எங்கள் கணிப்பில், குழி தோண்டும் வேலை இப்போது முன்பைவிடக் கவனமாகவே நடக்கிறது. பின்தங்கிக் கிடப்பது வீடுகளில் நடக்க வேண்டிய வேலை. தேடிக்கொண்டிருக்கும் தாய் தகப்பன் உயிரோடு இருக்கும்போதே அவர்களின் மரபணு மாதிரியை எடுத்து வைக்கும் வேலை அது.

செம்மணி என்ற பெயர் உலகுக்குத் தெரியவந்தது 1998இல். 1996 செப்டம்பரில் பாடசாலை மாணவி கிருஷாந்தி குமாரசுவாமியும், அவரைத் தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்ட வழக்கில் மரண தண்டனை பெற்ற இராணுவ லான்ஸ் கோப்ரல் சோமரத்ன ராஜபக்ச, இந்தப் பகுதியில் இன்னும் 300 முதல் 400 உடல்கள் புதைக்கப்பட்டிருக்கின்றன என்று நீதிமன்றத்தில் சொன்னார். யாழ்ப்பாணம் இராணுவத்தின் கைக்கு வந்த பிறகு, 1996இல், சுற்றிவளைப்புகளிலும் சோதனைச் சாவடிகளிலும் பிடிக்கப்பட்ட நூற்றுக்கணக்கானோர் வீடு திரும்பவில்லை. 1999இல் சர்வதேசப் பார்வையாளர்கள் முன்னிலையில் தோண்டினார்கள். 15 உடல்கள் கிடைத்தன. இருவர் மட்டும் அடையாளம் காணப்பட்டார்கள். அந்தப் புதைகுழி தொடர்பில் இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. 26 ஆண்டுகள் கழித்து, அதே வெளிக்குப் பக்கத்தில், வேறு வேலைக்காக மண் வெட்டியவர்களின் கையில் எலும்பு தட்டுப்பட்டது.

இலங்கையில் புதைகுழிகள் பெரும்பாலும் இப்படித்தான் வெளிவருகின்றன. மாத்தளையில் 2012இல் வைத்தியசாலை வளவில் கட்டுமான வேலை. மன்னார் திருக்கேதீச்சரத்தில் 2013இல் தண்ணீர்க் குழாய். மன்னார் நகரில் 2018இல் அரச விற்பனை நிலையமான சதொசவின் கட்டடத்துக்கு வெட்டிய மண். முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் 2023இல் மறுபடியும் தண்ணீர்க் குழாய். தற்செயலாக வெளிவரும் குழியில் முதல் சேதத்தைச் செய்வது கனரக இயந்திரம். பக்கோ ஒரு முறை வாரினால் மண்டையோடு ஒரு குவியலிலும் தொடை எலும்பு இன்னொரு குவியலிலும் போய்விழும். எந்த எலும்பு எந்த உடலுக்குரியது, எந்த உடல் மேலே கிடந்தது, எது கீழே என்ற ஒழுங்கு அந்த நொடியோடு அழிகிறது. மன்னாரில் கட்டட வளவிலிருந்து அகற்றிய மண் வெளியே விற்கப்பட்டு, அதை வாங்கிய இடத்தில்தான் எலும்புகள் முதலில் கண்ணில் பட்டன. ஆகவே எலும்பு தென்பட்டதும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இயந்திரத்தை நிறுத்தி, எதையும் தூக்கிப் பார்க்காமல், வெட்டிய மண்ணையும் அகற்றாமல், இருந்தபடியே படம் எடுத்து, நீதவானுக்கு எழுத்தில் அறிவிப்பது. குவித்த மண்ணும் சான்றுதான். அதையும் பிறகு அரிதட்டில் அரிக்க வேண்டும்.

குழிக்குள் நடக்க வேண்டியவை

நீதவானின் மேற்பார்வை, சட்ட வைத்திய அதிகாரியின் பொறுப்பு, தொல்லியல் குழுவின் கைவேலை என மூன்று தரப்பு சேர்ந்ததே அகழ்வு. காணாமல் ஆக்கப்பட்ட குடும்பங்களின் சட்டத்தரணிகளும், 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமற்போனோர் அலுவலகமும் பார்வையாளராக இருக்கலாம். சந்தேகத்துக்கிடமான மரணங்களை விசாரிப்பதற்கு ஐ.நா. ஏற்றுக்கொண்ட மினசோட்டா நெறிமுறை, 2016இல் திருத்தி எழுதப்பட்டது, இந்த வேலைக்கு அளவுகோல்.

நிலத்தை முதலில் சதுரங்களாகப் பிரித்துக் கயிறு கட்டுவார்கள். மண்ணைப் படைபடையாகச் சுரண்டுவார்கள். எலும்பு தெரிந்ததும் இரும்புக் கரண்டி விலகி மூங்கில் குச்சியும் தூரிகையும் வரும். ஒரு உடல் முழுதாக வெளித்தெரியும்வரை ஒரு எலும்பைக்கூட எடுக்கக்கூடாது. அளவுகோலும் வடக்கு காட்டும் அம்பும் வைத்துப் படம் எடுத்து, வரைந்து, எண் கொடுத்த பிறகே தூக்க வேண்டும். இப்படிப் பொறுமையாகச் செய்யக் காரணம் உண்டு. கைகள் முதுகுப்பக்கம் இருந்ததா, முகம் குப்புற இருந்ததா, ஒருவர் கால்மேல் இன்னொருவர் தலை கிடந்ததா என்பதெல்லாம் எலும்பு எழும்பிய பிறகு யாருக்கும் தெரியாது. படமும் வரைபடமும்தான் நீதிமன்றத்தில் பேசும்.

அரிப்பு வேலையை அலட்சியமாகச் செய்யும் இடங்கள் உண்டு. அங்கேதான் பிள்ளைகள் தொலைந்துபோகிறார்கள். பெரியவரின் கை எலும்புகளுக்கு 6 மில்லிமீற்றர் கண் அரிதட்டு போதும். கைக்குழந்தையின் முளைக்காத பல்லின் மூடி அதனூடாக விழுந்துவிடும். குழந்தையின் வயதை மாதக் கணக்கில் சொல்லக்கூடிய சான்று அந்தப் பல்தான். ஆகவே சிறிய எலும்புகள் கிடந்த சதுரத்தின் மண்ணை இன்னும் நுண்ணிய கண்ணில் அரிக்க வேண்டும். துப்பாக்கிச் சன்னமும் சட்டைப் பித்தானும் அங்கேதான் அகப்படும்.

எடுத்த எலும்பை ஈரத்தோடு பிளாஸ்ரிக் பையில் கட்டி வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. பூஞ்சணம் பிடித்து மேற்பரப்பு உதிரும், மரபணுவும் கெடும். நிழலில் காயவிட்டுக் காகிதப் பையில் வைப்பதே முறை. ஒவ்வொரு பையிலும் எண், திகதி, எடுத்தவர் ஒப்பம், முத்திரை. பை எந்த அறைக்குப் போனது, யார் திறந்தார், எப்போது திரும்ப மூடினார் என்ற பதிவில் ஒரு நாள் இடைவெளி விழுந்தாலும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதைத்தான் பிடிப்பார். நல்ல ஆய்வறிக்கைகளும் இந்த ஒரு ஓட்டையால் வலுவிழக்கும்.

செம்மணிக்குக் காலநிலையும் ஒரு தடை. கடனீரேரியை அண்டிய தாழ்ந்த வெளி அது. ஐப்பசி, கார்த்திகை மாரியில் குழிக்குள் நீர் ஊறும். உவர்நீரில் மாறிமாறி நனைந்து காயும் எலும்பு நொறுங்கும். இந்த வேலைக்கு வசதியான காலம் மாசி முதல் ஆவணி வரையே. நிதியோ கட்டம்கட்டமாக, நீதி அமைச்சின் ஒப்புதலுக்குப் பிறகுதான் வருகிறது. ஒப்புதல் ஆறு வாரம் பிந்தினால் ஒரு பருவத்தில் பாதி போய்விடும். கொக்குத்தொடுவாயிலும் நிதி இல்லாமல் வேலை மாதக்கணக்கில் நின்றது. 52 பேரின் எச்சங்களை எடுத்து முடிக்க 2024 நடுப்பகுதி ஆனது.

மயானத்தில் எலும்பு இருப்பதில் என்ன வியப்பு?

இந்தக் கேள்வி வரும், வந்தும் இருக்கிறது. கேலி என்று தள்ளிவிடாமல் அறிவியலால் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. சித்துப்பாத்தி பாவனையில் உள்ள மயானம். சைவர்கள் பெரியவர்களை எரிப்பதும் குழந்தைகளைப் புதைப்பதும் வழக்கம். ஆகவே மயானத்தில் கிடைத்த ஒரு குழந்தையின் எலும்பு, தனித்து, எதையும் நிரூபிக்காது.

வேறுபாடு புதைத்த விதத்தில் தெரியும். உறவினர் புதைத்த உடல் நீட்டி நிமிர்ந்து, ஒரு திசை பார்த்து, போதிய ஆழத்தில், துணி சுற்றியோ பெட்டிக்குள்ளோ இருக்கும். பெட்டி உக்கிப்போனாலும் ஆணிகள் வரிசையாக நிற்கும். செம்மணியில் பல உடல்கள் ஆழம் குறைந்த குழியில், பெரும்பாலும் உடுப்பின் தடயம் இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. இரண்டு உடல்களுக்கு இடையில் மண்படை இல்லாவிட்டால் இரண்டும் ஒரே வேளையில் போடப்பட்டவை என்று பொருள். எந்தச் சடங்கிலும் அப்படி நடப்பதில்லை.

எப்படி இறந்தார்கள் என்பதற்கும் எலும்பு ஓரளவு பதில் சொல்லும். உயிருள்ள எலும்பு பச்சை மூங்கில் மாதிரி. அடிபட்டால் சரிவாக, மழமழப்பான விளிம்போடு பிளக்கும். வருடக்கணக்கில் மண்ணில் கிடந்து காய்ந்த எலும்பு மண்வெட்டி பட்டால் குறுக்கே சொரசொரப்பாக முறியும், முறிந்த முகம் மற்ற இடத்தைவிட வெளிறித் தெரியும். மண்டையோட்டில் சன்னம் நுழைந்த துளை உட்புறமாக விரியும், வெளியேறிய துளை வெளிப்புறமாக விரியும். இவற்றைப் பார்த்துச் சூடு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லலாம். ஆனால் கழுத்தை நெரித்தோ, வயிற்றில் சுட்டோ கொன்றிருந்தால் எலும்பில் அடையாளம் இல்லாமலும் போகலாம். காயம் இல்லை என்ற அறிக்கையைக் கொலை இல்லை என்று வாசிக்கக்கூடாது. பத்திரிகைகள் இந்தத் தவறைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன.

காபன் பரிசோதனை என்ற பொறி

மன்னார் சதொச வளவில் 300க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் எடுக்கப்பட்டன. அவற்றில் ஆறு மாதிரிகள், எலும்பின் காலத்தைக் கணிக்கும் காபன் பரிசோதனைக்காக, அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. 2019 மார்ச்சில் முடிவு வந்தது: 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலம். குழியில் கிடைத்த மற்றப் பொருட்களோடு இது பொருந்தவில்லை என்று அகழ்வை நடத்திய தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ சொன்னார். அதற்குள் வழக்கின் வேகம் போய்விட்டது. மாத்தளையிலும் கதை ஏறத்தாழ இதுதான். 150க்கும் மேற்பட்டோரின் எலும்புகளை 1980களின் பிற்பகுதிக்கு, சிங்கள இடதுசாரி இயக்கமான ஜே.வி.பி.யின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட காலத்துக்கு, உரியவை என்றது முதல் ஆய்வு. பிறகு அமைக்கப்பட்ட ஆணைக்குழு அவை 1950க்கு முந்தியவை என்ற முடிவை எடுத்தது. அங்கே தேடிக்கொண்டிருந்தவர்கள் சிங்களத் தாய்மார். அவர்களுக்கும் பதில் கிடைக்கவில்லை.

காபன் முடிவைக் கேட்கும்போது சில விடயங்களை மனதில் வைக்க வேண்டும். 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் காபன் கூடியது. அதற்குப் பிறகு வளர்ந்த உடலில் அந்தக் கூடுதல் பதிவாகியிருக்கும். ஆகவே 1950க்கு முன்னா பின்னா என்ற கேள்விக்கு இந்தச் சோதனை நன்றாகவே பதில் சொல்லும். 1990ஆ 1996ஆ என்று கேட்டால் எலும்பு மட்டும் போதாது. எலும்பு வாழ்நாள் முழுக்கப் புதுப்பிக்கப்படுவதால் வயதானவரின் தொடை எலும்பு அவர் இறந்த காலத்தைவிடப் பழைய காலத்தைக் காட்டும். கடலுணவு நிறைய உண்டவரின் எலும்பும் பழையதாகத் தோன்றும், ஏனென்றால் கடலின் மேற்பரப்பு நீரில் உள்ள காபனே சராசரியாக 400 ஆண்டு பழையதாக அளவிடப்படுகிறது. கரையோர மக்களின் மாதிரிகளுக்கு இந்தத் திருத்தம் செய்தார்களா என்று கேட்பது சட்டத்தரணியின் கடமை. இதனால் மன்னார் முடிவு பிழை என்று ஆகிவிடாது. பழைய புதைகுழி ஒன்றின்மேல் புதியது விழுந்திருக்கவும் கூடும். அதனால்தான் எந்த ஆறு எலும்புகள், எந்தப் படையிலிருந்து, யார் தெரிந்தெடுத்தார்கள் என்பது முடிவைவிட முக்கியமாகிறது. ஒவ்வொரு படையிலிருந்தும் மாதிரி எடுத்து, இரண்டு ஆய்வகங்களுக்கு, எண் மட்டும் குறித்து அனுப்பியிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது.

காலத்தைச் சொல்ல மலிவான சான்றுகளும் உண்டு. ஒரு நாணயத்தில் 1994 என்று இருந்தால் அந்தக் குழி 1994க்கு முன் மூடப்பட்டிருக்க முடியாது. செருப்பின் அச்சு, மருந்துப் போத்தலின் தொகுதி எண், பையில் உள்ள நிறுவனச் சின்னம், சட்டைப் பட்டி எல்லாம் தயாரித்த ஆண்டைக் காட்டிக்கொடுக்கும். எஸ்-25இன் புத்தகப்பையில் யுனிசெப் சின்னம் இருந்தது. அந்த வகைப் பைகள் எந்த ஆண்டுகளில், எந்த மாவட்டங்களில் கொடுக்கப்பட்டன என்று அந்த அமைப்பிடமே எழுத்தில் கேட்கலாம். 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி இப்படியான பொருட்களைக் குடும்பங்களின் பார்வைக்கு வைத்தார்கள். நல்ல ஏற்பாடு, ஆனால் ஒரு எச்சரிக்கை தேவை. முப்பது வருடம் தேடிய தாய்க்கு ஒரு சட்டைத் துண்டு தன் மகனுடையதாகத் தோன்றுவது இயல்பு. ஒரே துணியில் ஆயிரம் சட்டை தைத்திருப்பார்கள். ஆகவே பொருளைக் காட்டுவதற்கு முன்னரே, அவர் கடைசியாக உடுத்தியிருந்தது என்ன என்று வாக்குமூலம் எழுதி வாங்க வேண்டும். பார்த்த பிறகு சொல்வதற்குச் சான்று மதிப்பு குறைவு.

பெயர் வரும் இடம்

மரபணு ஒப்பீடு இரண்டு பக்கமும் மாதிரி இருந்தால்தான் நடக்கும். எலும்புப் பக்கத்தில் தொடை எலும்பின் நடுப்பகுதியில் சிறு துண்டு, சிதையாத கடைவாய்ப்பல், அல்லது காதுக்குள் இருக்கும் கெட்டியான எலும்பு எடுப்பார்கள். வெப்பமும் ஈரமும் உள்ள எங்கள் மண்ணில் மரபணு சிதைவது வேகம், ஒரே எலும்பில் இரண்டு மூன்று முறை முயல வேண்டி வரும். தோண்டியவர்களின் வியர்வை பட்டாலும் முடிவு குழம்பும் என்பதால் குழியில் இறங்கும் ஒவ்வொருவரின் மாதிரியையும் முன்கூட்டியே எடுத்து ஒதுக்கி வைக்க வேண்டும்.

குடும்பப் பக்கத்தில் தாய், தகப்பன் இருவரும் இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. ஒருவர் மட்டும் இருந்தால் கூடவே சகோதரங்கள் வேண்டும். காணாமல் போனவருக்குப் பிள்ளை இருந்தால் பிள்ளையும் துணைவரும் சேர்ந்து கொடுக்க வேண்டும். தாய் வழி மட்டும் எஞ்சியிருந்தால் பெரியம்மா, சின்னம்மா, மாமா கொடுக்கும் மாதிரியால் தாய்வழி மரபணுவைப் பொருத்திப் பார்க்கலாம், அது தனித்து ஒருவரை உறுதிப்படுத்தாது. முள்ளிவாய்க்காலில் குடும்பத்தோடு அழிந்தவர்களுக்கு ரொறன்ரோவிலும் லண்டனிலும் சென்னையிலும் இருக்கும், இரத்த உறவான மச்சான், மருமகளைத் தேடிப்போக வேண்டியிருக்கும்.

பொஸ்னியாவில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 1995இல் செரெப்ரெனிக்காவில் கொல்லப்பட்ட 8,000 பேர்வரையான ஆண்களின் உடல்களை, குற்றத்தை மறைக்க இயந்திரங்களால் தோண்டி வேறு குழிகளுக்கு மாற்றினார்கள். ஒரே மனிதனின் எலும்புகள் மூன்று நான்கு இடங்களில் கிடந்தன. காணாமற்போனோருக்கான சர்வதேச ஆணைக்குழு முன்னாள் யூகோஸ்லாவியா முழுவதிலும் 80,000க்கும் மேற்பட்ட உறவினரின் இரத்தத்தைச் சேகரித்தது. 99.95 வீதப் பொருத்தம் வந்தால்தான் பெயர் என்று விதி வைத்தது. இன்று அந்த 8,000 பேரில் மிகப் பெரும்பான்மையோருக்குக் கல்லறையில் பெயர் இருக்கிறது. ஆர்ஜென்டினாவில் 1987இலேயே சட்டம் போட்டு, கடத்தப்பட்ட பேரப்பிள்ளைகளைத் தேடும் பாட்டிமாரின் மரபணு வங்கியை அமைத்தார்கள். பாட்டிமார் இறந்த பிறகும் அந்த மாதிரிகள் வேலை செய்கின்றன.

இலங்கையில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கென்று அப்படி ஒரு முழுமையான வங்கி இல்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தெருவோரப் போராட்டத்தைத் தொடங்கிய தாய் தகப்பன்மார் பலர் பதில் கிடைக்காமலே செத்துப்போனார்கள். ஒவ்வொரு சாவோடும் ஒரு எலும்புக்கூட்டுக்குப் பெயர் வரும் வாய்ப்பு சுருங்குகிறது. அரசிடம் இரத்தம் கொடுக்கக் குடும்பங்கள் அஞ்சுவதும் நியாயமே. இராணுவத்தோடு கைகுலுக்கும் அரசின் ஆய்வகத்தில் தன் மகளின் மரபணு கிடப்பதை எந்தத் தாய் விரும்புவாள்? அதனால் சேகரிப்பும் சேமிப்பும் சுயாதீன சர்வதேச அமைப்பு ஒன்றின் கையில் இருக்க வேண்டும், மாதிரி அடையாளம் காண்பதற்கு மட்டுமே பயன்படும், கேட்டால் அழிக்கப்படும் என்று சம்மதப் படிவத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

பெயர் வந்தாலும் குற்றவாளியின் பெயர் எலும்பிலிருந்து வராது. அது கடதாசியிலிருந்து வரும்: எந்த முகாம் எந்த மாதத்தில் எந்தப் படைப்பிரிவின் கையில் இருந்தது, யார் கட்டளை அதிகாரி, சுற்றிவளைப்பு எந்தத் திகதி. தென்னிலங்கையின் எம்பிலிப்பிட்டியப் பாடசாலை மாணவர்கள் கடத்தப்பட்ட வழக்கில் 1999இல் ஒரு அதிபரும் இராணுவத்தினர் சிலரும் தண்டிக்கப்பட்டார்கள். அந்த வழக்கை நிலைநிறுத்தியது சாட்சிகளும் பெற்றோர் திகதியோடு வைத்திருந்த முறைப்பாடுகளும்தான். ஆகவே பெட்டிக்குள் இருக்கும் பழைய துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம், மனித உரிமை ஆணைக்குழுவின் கடிதம், செஞ்சிலுவைச் சங்கப் பற்றுச்சீட்டு, முகாம் வாசலில் எழுதித் தந்த சிட்டை எல்லாவற்றையும் முன்பின் இரு பக்கமும் படம் எடுத்து, ஒரு பிரதியை வெளிநாட்டில் உள்ள உறவினரிடம் வையுங்கள். பல் பிடுங்கியது, கை முறிந்து கம்பி வைத்தது, காலில் பழைய சன்னக் காயம், எத்தனை அடி உயரம், இடக்கைப் பழக்கமா என்பதை நினைவுள்ளவர் இருக்கும்போதே எழுதி, எழுதிய திகதியையும் போடுங்கள்.

மாதிரி எடுக்கும் நாளுக்கும் ஒரு குறிப்பு. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுப்பது எளிது, ஆனால் வெற்றிலை போடும் அம்மாமாருக்கு அது சரிவராமல் போகலாம். வாயை நன்றாகக் கொப்பளித்து அரை மணி நேரம் எதுவும் உண்ணாமல் இருக்க வேண்டும். அதைவிட விரல் நுனியில் குத்தி, வட்டம் போட்ட காகித அட்டையில் சில துளி இரத்தம் இடுவது நல்லது. அட்டை காய்ந்த பிறகு குளிரூட்டி இல்லாமலே பல ஆண்டுகள் இருக்கும். வளர்ப்புப் பிள்ளையா, இரண்டாம் தாரத்துப் பிள்ளையா என்பதை எடுப்பவர் தனியாக, மற்றவர் கேட்காத இடத்தில் விசாரித்து எழுத வேண்டும். அந்த ஒரு வரி பிழைத்தால் சரியான எலும்பு பிழையான குடும்பத்தோடு ஒப்பிடப்பட்டு, பொருந்தவில்லை என்று திரும்பி வரும்.